வாய்ப்பும் எதிர்பார்ப்பும்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பெருந்தெரு, நக்கிள்ஸ் மலைகளின் அடியில் ஹுன்னஸ்கிரியவைக் கடந்து போகிறது. ஒருபால் சிங்களக் கிராமங்கள். மறுபால் தேயிலைத் தோட்டங்கள். பாடசாலையை விட்டு வெளியேறிய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் இவ்விரு பக்கத்திலிருந்தும் இரு வேறு வரலாறுகள் எழுகின்றன. அவற்றுள் ஒன்றையே உலகம் முதலில் வந்து ஆராய்ந்தது.

1971 ஏப்ரலில் படித்த கிராமத்து இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினர், ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் அமைத்த பன்னாட்டு ஆய்வுக்குழு, டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையில் இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. 1970இல் கொலம்பியாவிலும் 1972இல் கென்யாவிலும் இத்தகைய குழுக்கள் இயங்கின. வேலையற்றோர் சுமார் ஐந்தரை இலட்சம் பேர் என்று கணக்கிட்ட இலங்கை அறிக்கை, வேலை வாய்ப்பையும் எதிர்பார்ப்பையும் பொருத்துதல் என்பதையே தன் தலைப்பாகக் கொண்டது. கல்வி ஊட்டிய நம்பிக்கைக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்பது அதன் முடிபு.

அக்குழுவில் இருந்த ரொனால்ட் டோர், 1976இல் வெளியிட்ட ‘சான்றிதழ் நோய்’ பற்றிய நூலில் இன்னும் ஆழச் சென்றார். பிந்தி வளரத் தொடங்கும் நாடுகளில் வேலைக்கு ஆள் தெரியும் கருவியாகச் சான்றிதழே அமைகிறது. வேலை அரிதாக அரிதாக, அதே வேலைக்கு மேலும் உயர்ந்த சான்றிதழ் கேட்கப்படுகிறது. பாடசாலையோ பரீட்சைக் கூடமாகிவிடுகிறது என்றார். இதை எந்த ஆசிரியர் மறுப்பார்? நம் அரசும் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்திப் பார்த்தது. 1977இல் ஆட்சி மாறியது. பழைய சாதாரண தரப் பரீட்சையும் திரும்பி வந்தது. கைவேலைக்குரிய கூலியும் மதிப்பும் தாழ்ந்தே இருக்க, பாடத்தை மட்டும் மாற்றினால் தச்சுவேலையைத் தன் மகனுக்கு விரும்பும் தகப்பன் எங்கிருந்து வருவான்?

இனி மறுபக்கம். 1945இல் வந்த இலவசக் கல்வியின் முழுப்பயன் லயத்துப் பிள்ளையை எட்டவில்லை. 1960, 61இல் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்திருந்ததால், படித்து முடித்த சிலருக்கும் அரசாங்க உத்தியோகம் எட்டாக் கனியாயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்று, தோட்டத்தில் ‘பேர் பதிந்து’, விடியலில் பிரட்டுக்களத்தில் நிற்பதே படிப்பிலிருந்து தொழிலுக்குச் செல்லும் பாதை. இங்கே வாய்ப்பும் எதிர்பார்ப்பும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன! பொருத்தம் மட்டுமே நோக்கமானால் தோட்டத் துரைமார் அதனை எப்போதோ சாதித்துவிட்டார்கள். எதிர்பார்ப்பைக் குறை கூறும் எவரிடமும் நாம் எழுப்பும் மறுப்பு இதுவே: இம்மக்கள் போராடிப் பெற்ற முதற் செல்வம் அந்த எதிர்பார்ப்புத்தான்.

தோட்டப் பாடசாலைகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு ஏற்கத் தொடங்கியது. அவற்றின் வரலாற்றை ஆஞ்செலா லிட்டில் 1999இல் தனி நூலாக்கினார். இன்று நம் மாணவர் பலர் உயர்தரம் வரை வருகின்றனர். வராதவர்களோ கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றனர். பாடசாலையை விட்டு நின்றவர்களின் பெயர்களையும் அவர்கள் சென்ற இடத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வருகிறோம். ஐந்து பெயர்களுக்கு எதிரே இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த விடுமுறையில் லயங்களுக்குப் போய் விசாரிக்க வேண்டும்.