நத்தைக் கோழையும் புண் மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

நத்தையை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் மேலை நாடுகளில் மிகப் பழமையானது. பண்டை மருத்துவர் கண்ட பயனை இன்றைய அறிவியல் மெய்ப்பித்துவிட்டது எனப் பலரும் கூறுவர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் பிளினி, 37 பகுதிகள் கொண்ட தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலில் இருமல், வயிற்று வலி முதலியவற்றுக்கு நத்தையை மருந்தாகக் குறிப்பிடுகிறார். நத்தையைச் சுட்ட சாம்பலும் அவர் கூறும் மருந்துகளுள் ஒன்று. பிற்காலத்தில் பிரான்சு நாட்டு மருந்தாளர்கள் நத்தையை வேகவைத்து இருமலுக்குப் பாகு செய்தனர்.

கோழையின் கிருமியெதிர்ப்பு ஆற்றல் ஆய்வுக்கூடத்தில் தெளிவானது அண்மைக் காலத்திலேயே. 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஆப்பிரிக்கப் பெருநத்தையின் கோழை, புண்களைச் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகாக்கஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்களைத் தடுப்பதைக் கண்டனர். அதன் காரணியான புரதம் பின்னர் 'அக்காசின்' எனப் பெயர் பெற்றது. அமினோ அமிலங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதே அது செயற்படும் முறை என 2002இல் அறியப்பட்டது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சூடாக்கினால் அவ்வாற்றல் அழிந்துவிடும் என்பதையும் 1982ஆம் ஆண்டு ஆய்வே காட்டியது. எனவே சுட்டும் வேகவைத்தும் ஆக்கிய பண்டை மருந்துகளுக்கு இக்கண்டுபிடிப்பு சான்றாகாது.

அவ்வாறாயின் பச்சைக் கோழையைப் புண்ணில் இடலாமோ எனின், அதுவும் தகாது. 1847இல் பென்சன் என்பாரால் கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்ட இந்நத்தை, இன்று இந்தியாவின் பல பகுதிகளில் பயிர்களை அழித்து வருகிறது. எலியின் நுரையீரலில் வாழும் புழுவொன்றின் இளம் உயிரிகள் இந்நத்தையின் உடலில் வளர்கின்றன. அவை மனித உடலுள் புகின் மூளையுறை அழற்சி தோன்றும்.

உயிரியைத் தொடாமலே அதன் இயல்பைப் பயன்கொள்ளும் வழியும் உண்டு. ஓடில்லா நத்தையொன்றின் பசையை முன்மாதிரியாகக் கொண்டு, குருதி படிந்த ஈரத் திசுவிலும் ஒட்டும் செயற்கைப் பசையை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர்.

ஒரு மருந்து பழமையானது என்பது வேறு. அது மெய்ப்பிக்கப்பட்டது என்பது வேறு. மருத்துவ வரலாறு எழுதுவோர், மருந்தின் பெயரோடு அதனை ஆக்கிய முறையையும் ஒப்புநோக்கிய பின்னரே இவ்விரண்டையும் இணைத்தல் வேண்டும்.