முதலில் வார், பிறகுதான் காற்றுப் பை

"பக்கத்துக் கடைக்குத்தானே போறோம், பெல்ட் எதுக்கு? அதான் காடியில காற்றுப் பை இருக்கே!" இப்படிச் சிலர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது சரியா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

தொடக்ககால இருக்கை வார் இடுப்பை மட்டுமே பிடித்தது. மோதலில் தலையும் நெஞ்சும் முன்னோக்கிப் பாய்ந்தன. சுவீடனின் நில்ஸ் போலின் இதற்குத் தீர்வு கண்டார். போர் விமானங்களில் விமானியை வெளியேற்றும் இருக்கைகளை வடிவமைத்த பொறியியலாளர் அவர். வோல்வோ நிறுவனத்தில் சேர்ந்து, 1959-இல் மும்முனை வாரை உருவாக்கினார். மோதலின் விசையை அது வலுவான நெஞ்செலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பகிர்ந்து கொடுத்தது. வோல்வோ அந்தக் காப்புரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

ஆனால், வார் இருந்தால் மட்டும் போதுமா? போட வேண்டுமே! 1970-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்தான் வார் அணிவதை முதலில் சட்டமாக்கியது. மலேசியாவில் முன் இருக்கைக்கு 1979-இலும், பின் இருக்கைக்கு 2009-இலும் சட்டம் வந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1968 முதல் புதிய கார்களில் வார் கட்டாயம். இருந்தும் 1980-களின் தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட அதை அணியவில்லை. 'மனிதன் மறந்தாலும் கருவி காப்பாற்றட்டும்' என்ற எண்ணத்தில் காற்றுப் பையை நம்பினார்கள். வார் அணியாத பெரியவரையும் தடுத்து நிறுத்த, பை மிகுந்த வேகத்தோடு விரிய வேண்டியிருந்தது. விளைவு என்ன? உயிர் காக்க வந்த பையே 1990-களில் சில குழந்தைகளின் உயிரைப் பறித்தது. வார் அணியாதவர்கள், பைக்கு மிக அருகில் இருந்தவர்கள் ஆகியோரே பெரும்பாலும் பலியானார்கள். பிறகுதான் பையின் வேகத்தைக் குறைத்தார்கள். குழந்தைகளைப் பின் இருக்கையில் அமர்த்தச் சொன்னார்கள்.

இனி எண்களைப் பாருங்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீட்டின்படி, காரின் முன் இருக்கையில் அமர்பவரின் மரண ஆபத்தை மும்முனை வார் சுமார் 45 விழுக்காடு குறைக்கிறது. 2017-இல் மட்டும் வார் காப்பாற்றிய உயிர்கள் 14,955. முன்புறக் காற்றுப் பை காப்பாற்றியவை 2,790. அதாவது, ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

அதற்காகப் பை வீண் என்று எழுதிவிடாதீர்கள். வார் உடலைப் பிடித்து நிறுத்துகிறது. பை தலையையும் நெஞ்சையும் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பயன். ஸ்டீயரிங்கில் 'எஸ்.ஆர்.எஸ்' என்ற எழுத்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் முதல் எழுத்துக்கே 'துணையானது' என்றுதான் பொருள். துணை வரும், ஆனால் முதன்மைக் காவலன் வார்தான்.

மாணவர்களே, சாலைப் பாதுகாப்புக் கட்டுரையில் "கருவி, சட்டம், பழக்கம்" என்று மூன்று பத்திகளாகக் கருத்தைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் இந்த வினாவைக் கேட்கலாம்: சட்டம் இருந்தும் பின் இருக்கையில் பலர் ஏன் இன்னும் வார் போடுவதில்லை?