நேசிக்கும் எண்கள்: 93,63,584-இன் வரலாறு

93,63,584 என்னும் எண்ணைச் சற்றே உற்று நோக்குங்கள். அதனை நீக்கி, அதன் ஏனைய காரணிகள் அனைத்தையும் கூட்டினால் 94,37,056 வரும். இந்த எண்ணின் காரணிகளையும் அவ்வாறே கூட்டுங்கள். மீண்டும் 93,63,584 வந்து நிற்கும்! இத்தகைய இணைகளை அரபு அறிஞர்கள் ‘முதஹாப்பா’, அதாவது ஒன்றையொன்று நேசிப்பவை என்று அழைத்தனர்.

கிரேக்கர் அறிந்திருந்தது 220, 284 என்னும் ஓர் இணையை மட்டுமே. இவற்றைக் கண்டறியப் பொதுவிதி வகுத்தவர் ஹர்ரான் நகரில் பிறந்து பக்தாதில் பணியாற்றிய தாபித் இப்னு குர்ரா (மறைவு 901). நம் மேடைகளில் இவரை முஸ்லிம் விஞ்ஞானி என்று கூறிவிடுவதுண்டு. அது சரியன்று, அவர் ஸாபியீ சமயத்தவர். அப்பாஸியரின் பக்தாத் அவருடைய அறிவைப் போற்றியது என்பதே வரலாறு.

அவ்விதியை நம் எண்ணில் வைத்துப் பார்ப்போம். 64-ஐயும் 128-ஐயும் மும்மடங்காக்கினால் 192, 384. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 191, 383. அவ்விரண்டையும் (192, 384) பெருக்கி ஒன்றைக் கழித்தால் 73,727. இம்மூன்றும் பகா எண்களாக இருந்தால், 128 × 191 × 383 ஓர் எண். 128 × 73,727 அதன் இணை. சொல்வதற்கு எளிது! ஆனால் 73,727 பகா எண்தானா என்று உறுதிசெய்ய, 271 வரையுள்ள 58 பகா எண்களாலும் அதனை வகுத்துப் பார்க்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில், மையும் தாளும் கொண்டு செய்த உழைப்பு இது.

17,296, 18,416 என்னும் இணையை ஃபெர்மா 1636-இல் அறிவித்தார். நெடுங்காலம் அவர் பெயரிலேயே அது வழங்கியது. ஆனால் வானவில்லின் தோற்றத்தை விளக்கிய கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, மராகிஷ் நகரின் இப்னுல் பன்னா ஆகியோர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதனை எழுதிவைத்திருந்தனர். நம் எண்ணின் கதையும் அதுவே. 1638-இல் டெகார்த் அதனை மெர்சென்னுக்கு எழுதினார். புகழும் அவருக்கே சேர்ந்தது. ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தீயும் அதே நூற்றாண்டில் அதனைக் கண்டறிந்திருந்தார். அவர் 1637-ஐ ஒட்டி மறைந்தவராகக் கருதப்படுவதால், முந்தியவர் அவராகவே இருக்க வேண்டும். இதனால் டெகார்த்தைத் திருடர் என்று தூற்றுவதும் முறையன்று. அவர் யஸ்தீயின் ஏட்டைக் கண்டார் என்பதற்குச் சான்றில்லை. யஸ்தீயின் பெயர் பாடநூல்களில் இடம்பெறவில்லை என்பதே நம் குறை.

தாபித்தின் விதியால் இதுவரை கிடைத்த இணைகள் இம்மூன்றே. விதிக்குள் அடங்காத 1,184, 1,210 என்னும் சிறிய இணையோ இப்பெரியோர் அனைவரின் கண்ணுக்கும் தப்பியது. 1866-இல் அதனைக் கண்டுபிடித்தவர், பதினாறே வயது நிரம்பிய ஓர் இத்தாலிய மாணவர்.