ராசாவின் முகமும் பெயரில்லாத முகமும்

பழைய காசு சேர்க்கிற ஆக்களுக்கு 1815ஆம் ஆண்டின் ஸ்டைவர் காசு தெரிந்திருக்கும். இலங்கைக்கென்றே பிரித்தானியர் அடித்த செப்புக் காசு. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர், தலையில் இலைமாலையோடு. இந்தத் தீவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் அவரது முகம் எங்கட முன்னோரின் மடிக்குள் கிடந்தது.

அந்தக் காசுக்கு ஏறக்குறைய நாற்பது வருடங்களுக்கு முன்பே, இங்கிலாந்தில் அதே மன்னரின் முகம் களிமண்ணில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஸ்டபோர்ட்ஷயரில் ஜோசையா வெட்ஜ்வூட் நடத்திய தொழிற்சாலையில் செய்த அந்த முகப்பதக்கங்கள் இன்று நூதனசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. நீலப் பின்னணி, அதன்மேல் வெள்ளையாய்ப் புடைத்து நிற்கும் மன்னர். பக்கத்தில் அரசி சார்லொட். பார்க்க அழகுதான். ஆனால் இதை அழகுப் பொருளாக மட்டும் பார்த்துவிட்டுப் போக எங்களால் முடியவில்லை.

வெட்ஜ்வூட் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வந்த அம்மை நோயால் பழுதான காலை 1768இல் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. வியாபாரத்தில் மகா கெட்டிக்காரர். 1765இல் அரசி சார்லொட் தேநீர்ப் பாத்திரங்கள் கேட்டதும், தன்னுடைய வெண்மஞ்சள் பாண்டங்களுக்கு 'அரசியின் பாண்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார். அதன்பிறகு ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் செய்து, 1770களின் நடுப்பகுதியில் 'ஜாஸ்பர்' என்ற மண்கலவையைக் கண்டுபிடித்தார். மெருகு பூசாமலே வழவழப்பானது. மண்ணிலேயே நிறம் கலக்கலாம்.

வேலை நடந்த விதம் இதுதான். முதலில் மெழுகில் ஒரு முகம். அதிலிருந்து அச்சு. அச்சில் வெள்ளை மண்ணை அழுத்தி எடுத்து, நீலத் தட்டில் ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். சூளையில் மண் சுருங்கும். சுட்டெடுத்த முகத்திலிருந்து திரும்ப அச்செடுத்தால் இன்னும் சின்ன முகம் கிடைக்கும். அப்படியே சுவரில் மாட்டும் அளவிலிருந்து மோதிரத்தில் பதிக்கும் அளவுவரை ஒரே முகத்தை இறக்கலாம்.

அதுவரை அரச முகத்தைப் பளிங்கிலோ தைலவண்ண ஓவியத்திலோ வைத்திருந்தது பெரிய இடத்து ஆக்கள்தான். இப்போது நடுத்தர வீட்டுக்காரரும் வாங்கலாம். மன்னர் ஒரு சரக்காகவே மாறிவிட்டார்.

1787இல் அதே தொழிற்சாலை இன்னொரு பதக்கத்தைச் செய்தது. சங்கிலி பூட்டிய கைகளைக் கூப்பி, முழங்காலில் நிற்கும் கறுப்பின மனிதர். நானும் மனிதன் இல்லையா, உங்கள் சகோதரன் இல்லையா என்று கேட்கும் வாசகம் சுற்றிவர இருக்கும். அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்துக்காகச் செய்தது. இதை வடித்தவர் வில்லியம் ஹாக்வுட் என்பதே பொதுவாகச் சொல்லப்படுகிறது. மன்னர், அரசி முகங்களிலும் வேலை செய்த அதே கை.

பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்துப் போட்டார்கள். ஆண்கள் மூக்குப்பொடி டப்பாவில் பதித்தார்கள். 1788இல் ஒரு தொகுதி பிலடெல்பியாவில் இருந்த பெஞ்சமின் பிராங்ளினுக்கும் போனது. மன்னரின் மகன் கிளாரன்ஸ் கோமகனோ பிரபுக்கள் சபையில் அடிமை வியாபாரத்துக்கு ஆதரவாகப் பேசினவர். கடைசியில் 1807இல் அந்த வியாபாரம் தடைசெய்யப்பட்டது. அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆனது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வெட்ஜ்வூட் விற்ற சீனிக் கிண்ணங்களை நிரப்பியது அடிமைகள் விளைவித்த சீனி. இன்னொன்றும் எங்களை உறுத்துகிறது. மன்னருக்குப் பெயர் இருக்கிறது, நிமிர்ந்த தலை இருக்கிறது. மற்றவருக்குப் பெயரே இல்லை. இரக்கம் கேட்கவும் அவர் முழங்காலில் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் 1789இல், அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா இக்குவியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டார். புத்தகத்தின் முகப்பில் அவருடைய படம். கீழே அவருடைய பெயர். முழங்காலில் இல்லை. வாசிக்கிறவரை நேராகப் பார்க்கிறார்.

நூதனசாலையில் ஒரு முகத்தைக் காணும்போது, அது யாருடையது என்பதோடு நிற்காமல், அதைச் செய்வித்தது யார் என்றும் கேட்டுப் பழகுவோம். எங்கட முகத்தை வேறு யாரோ வடித்துத் தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.