கபால–முக அறுவை மருத்துவத்தில் உயர்பயிற்சி: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

கபால–முக அறுவை மருத்துவம் என்பது மண்டையோடு, கண்குழி, மூக்கு, தாடை ஆகியவற்றில் பிறவியிலோ விபத்தாலோ கட்டியாலோ உண்டாகும் உருக்குறைபாடுகளைச் சீராக்கும் துறை. இந்தியாவில் இதற்கு இரு வழிகளில் வருகிறார்கள். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். முடித்து பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பெற்றவர்கள் ஒரு வழி, பி.டி.எஸ். முடித்து வாய்–முக–தாடை அறுவை மருத்துவத்தில் எம்.டி.எஸ். பெற்றவர்கள் மற்றொரு வழி. இத்தனை படிப்புக்கும் பிறகுதான் ஃபெலோஷிப் எனப்படும், பெரும்பாலும் ஓராண்டு நீளும் உயர்பயிற்சி தொடங்குகிறது. இப்பயிற்சி சில பெருமருத்துவமனைகளில் மட்டும் குவிந்திருப்பது சரியே. ஆனால் அங்கே கற்ற கை பயன்பட வேண்டுமானால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் குழந்தையை முதலில் தூக்கிப் பார்ப்பவரின் கண்ணும் பழகியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பயிற்சியின் அங்கமாக நாம் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

இத்துறையின் தந்தை எனப்படுபவர் பிரான்ஸின் பால் டெசியே (1917–2008). முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி, கண்கள் பிதுங்கி நிற்கும் குருசோன் நோயாளி ஒருவருக்கு 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்யும் முன், அவர் ரயிலேறி நாந்த் நகருக்குப் போய் இறந்தோர் உடல்களில் அந்த வெட்டுகளை ஒத்திகை பார்த்தார். 1967இல் ரோம் மாநாட்டில் தம் முறைகளை முன்வைத்தபோது, முகத்தைத் திருத்த மண்டையோட்டுக்குள்ளிருந்தே வழி எடுக்கலாம் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஃபெலோஷிப்பில் வருபவர் இன்றும் கற்பது அந்த வழியைத்தான். ஒரு காதிலிருந்து மறு காதுவரை, பின்னால் முடி வளர்ந்து தழும்பை மறைக்கும்படி கோணல்மாணலாகத் தோலைக் கீறி, நெற்றித் தோலைக் கண்வரை மடக்க வேண்டும். நரம்பியல் அறுவை மருத்துவர் மூளை உறை கிழியாமல் நெற்றி எலும்பைக் கழற்றித் தர, அதையும் கண்குழியின் மேல்விளிம்பையும் வளைத்துச் செதுக்கி முன்னே தள்ளிப் பொருத்த வேண்டும். வளரும் மண்டையில் டைட்டானியம் தகடு நாளடைவில் உட்புறம் நகர்ந்துவிடக்கூடும் என்பதால், கைக்குழந்தைகளுக்குத் தானே கரையும் தகடுகளையே பெரிதும் விரும்புகிறார்கள். இவற்றை நூலில் படித்துவிட முடியாது; ஒருவர் பக்கத்தில் நின்று பல முறை செய்துதான் கை பழகும்.

பல முறை என்பதில்தான் சிக்கல். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர், அரியலூரில் 7,54,894 பேர். ஆயிரம் பேருக்கு 14 பிறப்பு என்று வைத்தால், இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 18,500 குழந்தைகள். மண்டையோட்டுப் பொருத்துகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும் கிரேனியோசினோஸ்டோசிஸ் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்பது உலக அளவு. அந்த விகிதத்தில் இங்கே ஆண்டுக்கு ஏழு முதல் ஒன்பது குழந்தைகள். விரல்களும் ஒட்டிப் பிறக்கும் ஏபெர்ட் நோயோ 65,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவுகூட இல்லை. ஆண்டுக்கு எட்டுக் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் எவரும் இதில் தேர்ச்சி பெற முடியாது. இங்கிலாந்து முழுவதற்கும் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்ஹாம், லிவர்பூல் என நான்கே கபால–முக நடுவங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் உதட்டுப்பிளவுக்கு 57 இடங்களில் சிதறிக் கிடந்த சிகிச்சையின் விளைவுகள் மோசமாக இருந்ததைக் கண்டு, அவற்றை 8 முதல் 15 நடுவங்களாகச் சுருக்கும்படி 1998இல் ஓர் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. 2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, இங்கிலாந்தைவிடக் கூடுதல். மேற்சொன்ன விகிதத்தில் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு நானூறு, ஐந்நூறு குழந்தைகள் இக்குறையோடு பிறக்கக்கூடும். அவர்களை நான்கைந்து இடங்களுக்கு அனுப்பினால் ஒவ்வோர் இடத்திலும் நல்ல பயிற்சி நடக்கும்; முப்பது இடங்களில் பிரித்தால் எங்கும் நடக்காது.

இதற்கு எழும் மறுப்பு நியாயமானது. பெரம்பலூரில் மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை செய்பவர் 270 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போய் வர முடியுமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைத் தாங்கினாலும் இழந்த கூலியை யார் தருவார்? அரியலூரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூர் மாவட்டச் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே ஒரு நிபுணரை அமர்த்தினால் என்ன என்று கேட்கலாம். ஆனால் எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 640 மில்லிதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பாது. மண்டையோட்டைத் திறக்கும்போது அதில் கணிசமான பங்கு வெளியேறக்கூடும். அதை நொடிக்கு நொடி ஈடுகட்டும் குழந்தை மயக்க மருத்துவர், ரத்த வங்கி, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் பழகிய கைகளோடு இல்லாத இடத்தில் நிபுணர் ஒருவரை மட்டும் வைப்பது குழந்தைக்கு ஆபத்து. பயணத்தின் சுமையைக் குறைக்க வழி உண்டு: அறுவைக்கு ஒருமுறை சென்னை; பரிசோதனைகளும் தொடர்கவனிப்பும் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ அரியலூரிலோ. அந்தத் தொடர்கவனிப்புக்கு ஃபெலோஷிப் மருத்துவர் மாதம் ஒருமுறை வந்து போவதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். தான் திருத்திய முகம் ஊரில் எப்படி வளர்கிறது என்று பார்க்காத பயிற்சி குறைப்பயிற்சியே.

இனி, அந்த இரண்டாவது பாதி. ஒட்டிய பொருத்தை உள்நோக்கிக் கருவியால் சிறு கீறல் வழியே நீக்கும் எளிய அறுவை, குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆவதற்குள் செய்தால் சிறக்கும். தவறினால் மண்டையையே கழற்றி மாற்றும் பெரிய அறுவைதான் மிஞ்சும். நம் வீடுகளில் பச்சிளம் குழந்தையைக் கால்நீட்டிக் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டி, தலையை உருண்டையாகப் பிடித்துவிட்டு மூக்கை நீவிவிடுகிறார். அந்த அன்பில் குற்றமில்லை. ஆனால் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையிலேயே மாதங்கள் போய்விடுகின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பட்டியலிடும் ஒன்பது பிறவிக் குறைபாடுகளில் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் உண்டு, கிரேனியோசினோஸ்டோசிஸ் இல்லை. பட்டியலில் இல்லாததைத் தேடும்படி யாரும் சொல்லித்தருவதில்லை.

தேடச் சொன்னால், படுத்த வாக்கில் தலை தட்டையான குழந்தைகளெல்லாம் வந்து குவிவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. பிரித்தறிவது கடினமன்று. குழந்தையை மடியில் வைத்து உச்சியிலிருந்து பார்த்தால், படுக்கையால் தட்டையான தலை சாய்ந்த கட்டம்போல இருக்கும். தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும். உச்சி நெடுகப் பொருத்து ஒட்டிய தலையோ படகுபோல முன்னும் பின்னும் நீண்டிருக்கும். நடு உச்சியில் விரலை ஓட்டினால் வரப்புபோல ஒரு மேடு தட்டுப்படும். கிராம சுகாதார செவிலியருக்கு இதை ஒரு காலைப்பொழுதில் சொல்லித்தரலாம். சென்னைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர்க்காரர்களையே பழக்கி, பிளவு அறுவை முடிந்த குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கச் செய்தார்கள். பெருமருத்துவமனையின் அறிவு ஊருக்குள் இறங்க முடியும் என்பதற்கு அது நம் மண்ணின் சான்று.

கபால–முக அறுவை அழகுக்கான சிகிச்சைதானே, ஏழை மாவட்டத்தின் பணத்தை இதில் ஏன் போட வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. இறுகிய மண்டைக்குள் மூளையின் அழுத்தம் கூடினால் பார்வை போகலாம். உள்வாங்கிய முகத்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடலாம். பிதுங்கிய கண் மூட முடியாமல் கருவிழி புண்ணாகும். இவற்றுக்குப் பிறகுதான் அழகு. குழந்தை இப்படிப் பிறந்ததற்கு, கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயைப் பழிப்பதும் அடியோடு நிற்க வேண்டும். ஏபெர்ட் நோய்க்குக் காரணமான புதிய மரபணு மாற்றம், ஆராய்ந்த குடும்பங்களில் தந்தை வழியாகவே வந்ததாகக் கண்டறியப்பட்டிருக்கிறது.

நம் குழந்தைகளுக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி போடப்படுகிறது. இந்த மூன்று நாட்களும் எளிய அறுவைக்குரிய காலத்துக்குள் அடங்குகின்றன. அந்த நாட்களில் பிள்ளையின் தலைச் சுற்றளவை அளந்து, உச்சியில் விரல் ஓட்டிப் பார்க்கும்படி செவிலியரிடம் கேளுங்கள்.