முதற்பாடத்தில் மின்சுற்று இடம்பெற்ற காலம்: டெர்மன் கூற்றின் மறுபரிசீலனை

மின்பொறியியல் பயிலப் புகும் மாணவனுக்கு முதலில் எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சர்வகலாசாலைகள் அளித்த விடை, ஒரு காலத்தில் டைனமோவும் மோட்டாருமாக இருந்து, பின்னர் எந்த ஓர் இயந்திரத்தையும் சாராத மின்சுற்றுச் சாஸ்திரமாக மாறியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அம்மாற்றம் எப்போது, எதனால் நேர்ந்தது என்பதில்தான் அபிப்பிராய பேதம் உண்டு. இவ்விஷயத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருப்பது, ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் பிரெடெரிக் டெர்மன் 1976-ஆம் ஆண்டில் ஐ.ஈ.ஈ.ஈ. சங்கத்தின் இதழில் வெளியிட்ட மின்பொறியியற் கல்வியின் சுருக்க வரலாறு. அதில் அவர் கூறும் காரணம் இரண்டாம் உலக யுத்தம். யுத்தத்திற்கு முந்திய பாடத்திட்டம் 60 சுழற்சி மின்சக்தி விநியோகத்திலேயே ஆழ்ந்து கிடந்தது என்றும், அதனால் ராடார் முதலிய மின்னணுப் பணிகளில் முன்னின்றவர்கள் மின்பொறியாளர்கள் அல்லர், பௌதிக சாஸ்திரிகளே என்றும், அந்தத் தாழ்வை உணர்ந்த பின்னரே கல்லூரிகள் கணிதத்தையும் அடிப்படை விஞ்ஞானத்தையும் நாடின என்றும் அவர் வாதிக்கிறார்.

டெர்மனின் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வானெவர் புஷ்ஷிடம் ஆய்வு செய்து 1924-இல் பட்டம் பெற்றவர். யுத்த காலத்தில் ஹார்வர்டில் ராடாரைக் குழப்பும் உபாயங்களை ஆராய்ந்த ரேடியோ ஆய்வுக்கூடத்தின் தலைவர். கண்ணால் கண்டதை எழுதினார். பாடத்திட்டம் முழுமையையும் நோக்கினால், மேல்வகுப்புகளில் மின்காந்தப் புலமும் திண்மநிலைப் பௌதிகமும் புகுந்தது யுத்தத்தின் விளைவே என்பதை நானும் ஒப்புகிறேன். என் மறுப்பு முதற்பாடத்தைப் பற்றியது மாத்திரமே. கல்வியின் வரலாற்றில் முதற்பாடத்தின் சரித்திரம் வேறு, பட்டப்படிப்பு முழுவதன் சரித்திரம் வேறு. இரண்டையும் ஒரே காரணத்தால் விளக்க முற்பட்டதே டெர்மன் வாதத்தின் குறை என்று கருதுகிறேன்.

மின்சக்திப் பொறியாளனுக்கு அதிர்வெண் ஒன்றுதான். 1893-இல் கென்னலியும் ஸ்டைன்மெட்ஸும் மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளைக் கலப்பு எண்களால் சுருக்கிக் காட்டிய பிறகு, அவனுக்குச் சுற்று என்பது ஜெனரேட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள கணக்கைத் தீர்க்கும் ஒரு கருவியாயிற்று. ஆராய்ச்சிக்குரிய பொருள் இயந்திரமாகவே நின்றது. தொலைபேசிப் பொறியாளனின் நிலைமை அதற்கு நேர்மாறானது. மனிதக் குரலில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பதால், ஒரு கம்பிவழியோ வடிகட்டியோ அவை ஒவ்வொன்றுக்கும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அவன் அறிய வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, வேண்டிய நடத்தையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அதற்கேற்ற சுற்று எது என்று பின்னோக்கிக் கேட்கவும் வேண்டியிருந்தது. கேம்பெல்லின் அலைவடிகட்டி, ஃபாஸ்டர் 1924-இல் வெளியிட்ட தேற்றம், ஜெர்மனியில் கௌவரின் ஆய்வு, 1931-இல் ஓட்டோ புரூனே மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேடு ஆகிய அனைத்தும் இக்கேள்விக்கு வெவ்வேறு படிகளில் கூறப்பட்ட விடைகளே. சுற்று தன்னளவிலேயே ஒரு சாஸ்திரத்துக்குரிய பொருளானது இங்கேதான். மியூனிக்கில் ஸோமர்ஃபெல்டிடம் பயின்று திரும்பிய எர்ன்ஸ்ட் கில்லமின், 1931-லும் 1935-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட தொடர்பு வலையமைப்பு நூல் இச்சாஸ்திரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ராடார் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

ஆனால் கில்லமினின் நூல் மேல்வகுப்பாருக்கு உரியது; முதற்பாடத்தைப் பற்றி அது சாட்சி கூறாது. அதற்கு வேறு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் என நான் கொள்வது, 1940-ஆம் ஆண்டு ஜான் வைலி நிறுவனம் பதிப்பித்த ‘எலெக்ட்ரிக் ஸர்க்யூட்ஸ்’ என்னும் நூலின் முகப்பேடு. மின்பொறியாளர்க்குச் சுற்றுப் பகுப்பாய்வில் ஒரு முதற்பாடம் என்று அதன் துணைத்தலைப்பு அறிவிக்கிறது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தனி மனிதர் எவர் பெயரும் இல்லை. மாஸச்சூஸெட்ஸ் கழகத்து மின்பொறியியல் துறையின் ஆசிரியர்கள் என்று மட்டும் அச்சிடப்பட்டிருக்கிறது. மின்பொறியியல் தத்துவங்கள் என்ற வரிசையில் அது முந்தியது. காந்தச் சுற்றுகளையும் மின்மாற்றிகளையும் பற்றிய நூலும், பயன்முறை மின்னணுவியல் பற்றிய நூலும் 1943-இல்தான் வெளிவந்தன.

இம்முகப்பேட்டை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தம் பெயரில் பாடநூல் வெளியிடுவது அவருடைய தனி அபிப்பிராயத்தைக் காட்டும். ஒரு துறையின் ஆசிரியர்கள் தத்தம் பெயரை மறைத்துக்கொண்டு பொதுவில் ஒரு முதற்பாட நூலை வெளியிடுவது, எதை முதலில் கற்பிப்பது என்பதில் அத்துறைக்குள் உடன்பாடு உண்டாகிவிட்டதைக் காட்டும். அத்தகைய உடன்பாடு ஓர் ஆண்டில் முதிர்வதில்லை. பலர் கூடி எழுதும் பருமனான நூல், எழுதிப் பார்த்து, கற்பித்துப் பார்த்து, திருத்திய பின்னரே அச்சேறும். டிஸார்ட் தலைமையில் வந்த பிரிட்டிஷ் தூதுக்குழு மாக்னெட்ரானை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது 1940 செப்டம்பரில். அதே கழக வளாகத்தில் ராடாருக்கென ரேடியேஷன் ஆய்வுக்கூடம் அமைந்தது அதற்குப் பிந்தித்தான். ஆகவே அந்நூலின் வேலை முழுவதும் ராடார் முயற்சிக்கு முந்தியதாகவே இருக்க வேண்டும். யுத்தத்தின் பாடம் யுத்தத்துக்கு முன்பே அச்சாகியிருக்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்நூலில் பலகட்ட மின்சுற்றுகளுக்கும் இடமளிக்கப்பட்டுள்ளது; ஆகவே அதுவும் பழைய மின்சக்திக் கல்வியின் எச்சமே என்று டெர்மன் பக்கத்தவர் கூறலாம். எனக்கோ அதுவே என் கட்சிக்கு வலுவூட்டுவதாகத் தோன்றுகிறது. துகால்ட் ஜாக்ஸன் 1935-இல் ஓய்வுபெற்று, மோர்லண்டும் பின்னர் ஹேஸனும் தலைமை ஏற்ற அத்துறையில், மின்சக்தி மாணவரும் தொடர்பியல் மாணவரும் ஒரே கூரையின் கீழ்ப் பயின்றனர். இரு சாராருக்கும் பொதுவான நிலம் இயந்திரமாக இருக்க முடியாது. வெற்றிடக் குழாயாகவும் இருக்க முடியாது. மின்சுற்று ஒன்றே அதற்குத் தகுதியுடையது. தொலைபேசிக்காரர் வளர்த்த சாஸ்திரத்தைக் கொண்டு மின்சக்திக்காரரின் கணக்கையும் தீர்க்கலாம் என்று கண்டதனாலேயே சுற்று முதலிடம் பெற்றது என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன். ஆயினும் முகப்பேடு, உள்ளடக்கம், ஆண்டு மூன்றையும் ஒருங்கே விளக்குவது இதுவே. யுத்தக் கொள்கையால் மூன்றாவதை விளக்க இயலாது.

டெர்மனின் சொந்த நூலும் இவ்விடத்தில் சாட்சி கூறுகிறது. 1932-இல் அவர் வெளியிட்ட ‘ரேடியோ எஞ்சினியரிங்’, ரேடியோத் தொடர்பின் பொது அமைப்பைச் சுருக்கமாகச் சொன்னபின், சுற்றின் மாறிலிகளையும் ஒத்ததிர்வுச் சுற்றுகளையும் விளக்கிவிட்டுத்தான் வெற்றிடக் குழாய்க்குள் புகுகிறது. கருவிக்கு முன்னே சுற்று என்ற வரிசையை அவரே யுத்தத்துக்கு வெகு முன்பே கைக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வரலாறு எழுதியபோது யுத்த அனுபவத்தின் பேரொளி இந்தச் சிறு விளக்கை மறைத்துவிட்டது போலும்.

யுத்தம் முதற்பாடத்தில் எதையும் செய்யவில்லை என்று சொல்வது என் நோக்கம் அன்று. மாஸச்சூஸெட்ஸ் கழகத்தில் கார்டன் பிரௌன் மின்பொறியியல் துறைத் தலைமை ஏற்றதற்கு மறு ஆண்டான 1953-இல் கில்லமின் வெளியிட்ட சுற்றுச் சாஸ்திர அறிமுக நூலைத் திறந்தால் வேற்றுமை தெரியும். 1940-ஆம் ஆண்டு நூலின் கலப்பு இதில் இல்லை. மின்தடை, மின்தேக்கி என்பவற்றுக்கும் முன்னதாக, கோடுகளும் முனைகளுமாய் அமைந்த வலையின் வடிவமே முதல் அத்தியாயம். கிர்க்காஃப் 1847-இல் விதைத்த கருத்து, நூறாண்டுகளுக்குப் பின் இளமாணவனின் முதற்பக்கத்தில் ஏறியது. இந்தத் துணிவுக்கும் கணித நாட்டத்துக்கும் யுத்தத்திற்குப் பிந்திய சூழ்நிலை இடந்தந்தது. ஆனால் வீட்டுக்கு வெள்ளையடித்தவனை வீட்டைக் கட்டியவன் என்று எழுதக்கூடாது.

பிற்காலத்தைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. போஸும் ஸ்டீவென்ஸும் 1965-இல் வெளியிட்ட அறிமுக நூல் கில்லமினின் வழியிலேயே நடந்தது. 1975-இல் துறையின் பெயரில் கணினி விஞ்ஞானமும் சேர்ந்தது. 1985-இல் ஏபெல்ஸனும் ஸஸ்மனும் எழுதிய நூல் நிரல் எழுதுதலுக்கும் முதற்பாடத் தகுதியைப் பெற்றுத் தந்தது. எனினும் 2012-ஆம் ஆண்டு மார்ச்சில் அக்கழகம் உலகத்தார் அனைவருக்கும் இணையவழியில் திறந்துவிட்ட முதல் பாடம் சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றியதே; 1,54,763 பேர் அதில் பதிந்துகொண்டனர், 7,157 பேர் தேறினர்.

1940 என்பது அச்சான ஆண்டு. கற்பித்தல் தொடங்கிய ஆண்டு அன்று. ஜாக்ஸன் ஓய்வுக்கும் அந்நூல் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் எந்த ஆண்டில் இந்தப் பாடம் முதல் வகுப்பில் நடந்தது என்பதை முகப்பேட்டைக்கொண்டு நிர்ணயிக்க இயலாது. 1935-க்கு முன்னும் அதன் வேர் இருந்திருக்கலாம். அதைத் தீர்க்கக்கூடியவை அக்காலத்து வகுப்புக் குறிப்புகளும் வினாத்தாள்களும், மாணவர்கள் ஓரத்தில் எழுதிவைத்த பழைய பாடப்பிரதிகளுமே. புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிடும் நூலகப் பொறுப்பாளர்கள், 1930-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட மின்பொறியியல் பாடநூல்களையாவது கழிக்காமல் காத்து, ஆய்வாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டுகிறேன்.