முட்சங்கின் சாயம்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ம் வருஷம். நான் பிறப்பதற்கு வெகு காலம் முந்தின கதை. ஆனாலும் அந்தச் சலாபத்தின் நாற்றத்தை நேரில் முகர்ந்தவன் போல என்னால் சொல்ல முடியும். காரணம் என் தாத்தா. சிப்பி ஏலம் எடுக்கும் ஒரு முதலாளியிடம் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

முத்தெடுப்பது என்றால், கடலில் குதித்து, சிப்பியைப் பிளந்து, ஆணிமுத்தைக் கையில் ஏந்துவது என்று நாம் நினைக்கிறோம். கதைகளில் அப்படித்தான் எழுதுகிறோம். நானே எழுதியிருக்கிறேன். நடந்தது வேறு. குளியாளிகள் பாரிலிருந்து அள்ளி வந்த சிப்பி ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் அதைக் கொட்டு என்ற வேலி அடைப்புக்குள் குவித்துப் போடுவார். வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் அது அழுகும். ஈ மொய்க்கும், புழு நெளியும். சதை எல்லாம் கரைந்து போன பிறகு மிஞ்சியதை வள்ளத்திலே கடல் நீர் விட்டு அலசி அலசி, அடியில் தங்கிய முத்தைப் பொறுக்குவார்கள். காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

"ஏலே, மூக்கைப் பொத்துறவனுக்கு முத்து கெடைக்காதுலே" என்பார் தாத்தா.

நாற்றத்திலிருந்து செல்வம் எடுத்த ஊர் இன்னொன்றும் உலகத்தில் இருந்தது. இன்றைய லெபனான் நாட்டுக் கடற்கரையிலுள்ள டயர் என்ற துறைமுகம் அது. சாயப் பட்டறைகளின் நாற்றத்தால் அந்த ஊர் குடியிருக்க லாயக்கில்லாமல் போயிற்று, ஆனால் அதே பட்டறைகளால்தான் பணக்கார ஊராகவும் இருக்கிறது என்று ஸ்டிராபோ என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்தார். அங்கே அழுகியது முத்துச் சிப்பியல்ல, முட்சங்கு. உடம்பெல்லாம் முள் முளைத்த கடல் நத்தை. அதன் சதைக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பியிலிருந்துதான் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் செவ்வூதாச் சாயம் பிறந்தது.

அந்தக் காலத்தில் நம் கொற்கைக் கரையில் பாண்டியர்கள் முத்தெடுத்தார்கள். மரண தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அந்த வேலை நடந்ததாக முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல் வழி நூல் தெரிவிக்கிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி முத்தையும் சாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். இரண்டும் கடலின் ஓட்டுக்குள்ளிருந்து வந்து பெரிய குடும்பங்களின் பணத்தைக் கரைத்தவை அல்லவா? முத்தாவது பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்ச் சேரும். சாயத் துணியோ நாளுக்கு நாள் தேய்ந்து போகும் என்பது அவர் வருத்தம். கி.பி. 301-ல் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி போட்ட விலைக் கட்டுப்பாட்டு உத்தரவில், இந்தச் சாயம் ஏற்றிய பட்டு ஒரு ராத்தலுக்கு 1,50,000 டினாரியஸ் என்று விலை குறித்திருக்கிறது.

1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது. வாங்க ஆள் இல்லாத சாயத்தை யார் காய்ச்சுவார்கள்? தொழில் மறைந்தது, நத்தை மட்டும் பாறையில் நிம்மதியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த ரகசியத்தை மறுபடியும் கண்டவர்கள் ராஜாக்களல்ல. 1685-ல் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த வில்லியம் கோல் என்பவர், இங்கிலாந்துக் கடற்கரை நத்தை ஒன்றின் வெள்ளைச் சாற்றைத் துணியில் தடவி வெயிலில் வைத்தார். அது பச்சையாகி, நீலமாகி, கடைசியில் செவ்வூதாவாக நின்றது. 1858-ல் லகாஸ் டுத்தியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி மத்தியதரைக் கடலில் மினோர்க்கா தீவுக்குப் போயிருந்தபோது, ஒரு மீனவன் தன் சட்டையில் அடையாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மை இல்லை, பேனா இல்லை. நத்தையைக் குத்தி அதன் சாற்றால் கோடு கிழித்தான். முதலில் மஞ்சளாகத் தெரிந்த கோடு வெயில் ஏற ஏற ஊதாவாயிற்று. சீஸருடைய வர்ணம் ஒரு செம்படவன் சட்டையில் சலவைக் குறியாக இருந்தது!

1909-ம் வருஷம் இரண்டு பேர் இந்தக் கதையின் இரண்டு முனைகளைப் பிடித்தார்கள். பிரீட்லெண்டர் என்ற ரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயம் எடுத்தார். அவுரியின் நீலத்தோடு இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்ததுதான் அந்த ராஜ வர்ணம் என்று காட்டினார். 12,000 உயிருக்கு ஒரு சிட்டிகை! பிரான்சில் ரஃபேல் டுபுவா வேறு கேள்வி கேட்டார். நத்தை உயிரோடு இருக்கும்போது சாறு வெளுத்திருக்கிறது, நசுக்கினால்தான் நிறம் வருகிறது, ஏன்? சுரப்பிக்குள் ஒரு நொதி, அதாவது என்ஸைம், காத்திருக்கிறது என்று அவர் சொன்னார். 'பர்ப்யூரேஸ்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அது ஸல்பேடேஸ் என்ற பெரிய குலத்தைச் சேர்ந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. 1968-ல் பேக்கர், சதர்லாந்து என்ற இருவர் ஆஸ்திரேலிய நத்தை ஒன்றின் சாற்றில், சாயத்தின் மூலப் பொருள் ஒரு ஸல்பேட்டோடு பூட்டிக் கிடப்பதைக் கண்டார்கள்.

ஸல்பேட் என்றதும் வாசகர்கள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழகிய சரக்குத்தான். பாத்தியில் உப்பு விளையுமுன் அடியில் படியும் ஜிப்சம் ஒரு ஸல்பேட். நம் பாட்டிமார் வயிறு சுத்தம் செய்யக் கொடுத்த பேதி உப்பும் ஒரு ஸல்பேட். கடல் நீரில் ஏராளமாகக் கரைந்து கிடப்பது அது. கந்தக அணு ஒன்று நாலு பிராணவாயு அணுக்களோடு கைகோத்து நிற்கிறது, அவ்வளவுதான். இதை ஒரு பொருளின் மேல் மாட்டிவிட்டால் அந்தப் பொருளின் குணம் மாறிவிடும். தண்ணீரில் சுலபமாகக் கரையும். தன் இயல்பான வேலையைச் செய்யாமல் அடங்கிக் கிடக்கும். பூட்டுப் போட்ட மாதிரி. ஸல்பேடேஸ் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி.

நத்தையின் உடம்பில் பூட்டிய பொருள் ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலும் இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் சந்திக்கின்றன. ஸல்பேட் கழன்று விழுகிறது. விடுபட்ட பொருளைக் காற்றும் வெயிலும் சேர்ந்து ஊதாவாக்குகின்றன. கூடவே கந்தக வாடை கிளம்புகிறது. டயர் நகரத்து நாற்றமும் அதன் செல்வமும் ஒரே கதவு வழியாக வந்தவை. தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்த முட்சங்குக் குடும்பம் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இங்கே அதற்கு ராஜ மரியாதை இல்லை, திருட்டுப் பட்டம்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் முத்துச் சிப்பி வளர்த்து, 1973 ஜூலையில் இந்தியாவிலே முதல் முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அந்தப் பண்ணையில் சிப்பிகளைக் கொன்று தின்ற எதிரிகளின் ஜாபிதாவில் மியூரெக்ஸ் விர்ஜினியஸ் என்ற முட்சங்கின் பெயரும் இருக்கிறது. ரோமாபுரியில் முத்தும் ஊதாவும் ஒரே சீமாட்டியின் உடம்பில் சேர்ந்து ஜொலித்தன. நம் கடலின் அடியிலோ ஒன்று மற்றொன்றைத் துளை போட்டுத் தின்கிறது.

சாயத்துக்கு இன்று நத்தையைத் தேடுகிறவர்கள் வெகு சிலரே. ஆனால் அதன் இனத்தாரிடமுள்ள சாவியைத் தேடுகிறார்கள். ஐரோப்பாவில் உணவாகத் தின்னும் ரோமன் நத்தையின் குடல் சாறு சீசாக்களில் அடைபட்டு ஆராய்ச்சிச் சாலைகளுக்குப் போகிறது. நம் உடம்பு வேலை முடிந்த ஹார்மோன்களில் பலவற்றுக்கு ஸல்பேட் பூட்டு மாட்டித்தான் சிறுநீரில் வெளியே அனுப்புகிறது. பூட்டோடு அளக்க முடியாதவற்றை நத்தைச் சாற்றால் திறந்து அளக்கிறார்கள். நோயாளியின் ஹார்மோன் கணக்கையும், ஓட்டப் பந்தய வீரன் கள்ளத்தனமாகத் தின்ற மருந்தையும் கண்டுபிடிக்க இந்த ஊர்வன உதவுகிறது என்றால் சிரிப்பாக இல்லையா?

மனித உடம்பிலும் இந்தச் சாவிகள் உண்டு. மொத்தம் 17. தாய் வயிற்றில் குழந்தை வளரும்போது, குழந்தையின் சுரப்பி ஒரு ஹார்மோனைப் பூட்டி அனுப்ப, நஞ்சுக்கொடியிலுள்ள ஸல்பேடேஸ் அதைத் திறந்து பெண்மை ஹார்மோன் ஆக்க வழி செய்கிறது. பிறந்த பிறகு வேறு வேலை. நம் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே நிரவிக் கிடக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளில் வழி நெடுக ஸல்பேட் தொங்குகிறது. பழசாய்ப் போன சங்கிலிகளை உடைத்துக் கழிக்க வேண்டுமானால், ஒவ்வொரு பூட்டையும் அதற்குரிய சாவியால் திறந்தாக வேண்டும். சாவி ஒன்று இல்லாவிட்டால் சரக்கு தேங்கும். இறக்கிய மூட்டையை எடுக்க ஆளில்லாத துறைமுகக் கிடங்கு போல ஒவ்வொரு செல்லும் நிரம்பி வீங்கும்.

இங்கேதான் எனக்கு மேலவீட்டு அக்காவின் மகன் ஞாபகம் வருகிறான். என் சிறு வயதில் அவன் எங்கள் தெருவில் இருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். உயரத்தில் என் இடுப்புக்கு வருவான். விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. முகம் தடித்து, கண் மங்கியிருந்தது. ஆனால் புத்தி கூர்மை. அவன் போட்ட விடுகதைக்கு நான் ஒரு நாளும் விடை சொன்னதில்லை. பன்னிரண்டு வயதில் போய்விட்டான்.

அக்கா தன் அத்தை மகனைக் கட்டியவள். அந்த அத்தைதான் மாமியார். பிள்ளை போன பிறகும் வாசலில் உட்கார்ந்து, "எங்க குடும்பத்துல இப்பிடி ஒண்ணு கெடையாது. இவ வயித்துல கொண்டாந்தது" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்வாள். அக்கா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள்.

வெகு நாளைக்குப் பிறகு, டாக்டராக இருக்கும் ஒரு சிநேகிதரிடம் அந்தப் பையனின் பழைய போட்டோவைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். 1963-ல் பாரிஸில் மரோட்டோ, லாமி என்ற இரண்டு டாக்டர்கள் விவரித்த நோயாக இருக்க வேண்டும் என்றார். ஸல்பேடேஸ்களில் ஒன்று இல்லாததால் வருவது. உடம்பை முடக்கும், புத்தியைத் தொடாது. போட்டோவை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன மற்றொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. இந்த நோய் வர, தாயிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் தகப்பனிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் சேர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். ரத்த உறவில் கல்யாணம் செய்தால் ஒரே தாத்தா பாட்டியின் பழுது இரண்டு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். பழி சொன்ன அத்தையும், அக்காவின் தகப்பனாரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். 'எங்க குடும்பம்' என்று அவள் எதைச் சொன்னாளோ, அதே வீட்டிலிருந்துதான் அது இரு கையிலும் வந்திருக்க வேண்டும்.

1968-ல் அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டும் சகாக்களும் இதே இனத்தைச் சேர்ந்த இரண்டு வேறு நோய்களுள்ள பிள்ளைகளின் தோல் செல்களை ஒரே பாத்திரத்தில் வளர்த்தார்கள். இரண்டும் தேறின! ஒன்றிடம் இல்லாத சாவியை மற்றது கசியவிட்டிருந்தது. அவற்றில் ஹன்டர் நோய் என்பதற்கு வேண்டிய சாவி ஒரு ஸல்பேடேஸ் என்று அந்தக் குழு கண்டது 1973-ல். வேப்பலோடையில் முத்து விளைந்த அதே வருஷம். சாவியை வெளியிலிருந்து கொடுத்தாலும் செல் வாங்கிக்கொள்ளும் என்ற அந்த நம்பிக்கையில்தான் பின்னால் மருந்து பிறந்தது. எங்கள் தெருப் பையனுக்கு வந்ததாகச் சந்தேகிக்கும் நோய்க்கு 2005-ல் மருந்து வந்தது. வாரம் ஒரு முறை ரத்தத்தில் ஏற்ற வேண்டும், ஆயுள் பூராவும். விலையோ டயோக்ளீஷியன் பட்டைத் தோற்கடிக்கும். பிள்ளையின் எடை ஏற ஏற அதுவும் ஏறும். 2021-ல் இந்திய அரசு அபூர்வ நோய்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுத்தது; மறு வருஷம் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றும் உயர்த்தியது. ஆயுள் முழுவதும் வேண்டிய மருந்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைப் பெற்றவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் தூத்துக்குடிக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. முட்சங்கு, சாயம், பூட்டு, சாவி என்று எனக்குத் தெரிந்த பாஷையில் எல்லாம் சொன்னேன். இப்படித்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் நினைக்கிறார், நிச்சயமில்லை என்பதையும் மறைக்கவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பம் பாதி அவுக குடுத்ததா தம்பி?" என்றாள்.

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அத்தை இருக்கயிலே நீ வந்து சொல்லியிருக்கலாம்."